சுஷிக் கடையின் கடைசி மதியம்

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து சுஷிக் கடையின் நீள மரமேசைமேல் படுத்திருக்கிறது. நாளை முதல் கடை இல்லை, கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். தையல்கார அக்காவும் பஸ் டிரைவரும் வழக்கம்போல அடுத்தடுத்த ஸ்டூல்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பேசிப் பழகியதெல்லாம் இந்த மேசையில் மட்டும்தான். கடைக்காரர் ஈரக் கையால் சோற்றைப் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து அழுத்துகிறார். அந்தச் சின்னச் சத்தம்கூட இன்று கேட்கிறது. "என்னம்மா, தொடவே இல்லையே?" என்கிறார். "இறங்க மாட்டேங்குதுங்க" என்று அக்கா தட்டைப் பார்த்தபடியே சொல்கிறாள். அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருக்கும் கத்தியை மறுபடி கழுவுகிறார். டிரைவர் தன் தட்டிலிருக்கும் ஊறிய இஞ்சியை அக்கா பக்கம் ஒதுக்குகிறார். அவருக்கு இஞ்சி ஆகாது, அவளுக்கு அதுதான் உயிர். அவள் சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணிக்கொள்கிறது. வேலைக்கு நேரமாகிவிட, அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுகிறார். "சரிக்கா, பார்க்கலாம்." "பார்க்கலாம் தம்பி." எங்கே என்று இருவருமே கேட்கவில்லை. கதவு மெல்ல மூடிக்கொள்கிறது. அக்கா தன் கைப்பையை எடுத்து அவருடைய ஸ்டூல்மேல் வைக்கிறாள், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாதபடி.