நாற்பது திங்கட்கிழமைகள்

"இதுல யாரோ ஒருத்தர் திருட்டுத்தனம் பண்ணுதீங்க!"

கேசட்டுகளை மேசையில் கொட்டினார் தாணுமாலையன். ஓய்வுபெற்ற தாசில்தார். சமயப் பாரம்பரியத்தைக் காக்கும் புதுமைத் திட்டத்துக்கு நெல்லையில் ஓர் அறக்கட்டளை தரும் பரிசுக்கு, 96-ஆம் வருஷத்து நடுவர்.

எதிரே ஹென்றி. பாளையங்கோட்டையில் மைக்செட் கடை. கடற்கரைப் பெண்கள் பெரிய வெள்ளிக்கிழமை பாடும் மாதா புலம்பலை, சிலுவையில் இறந்த மகனுக்காகத் தாய் அழும் பாட்டைப் பதிந்து, கிறிஸ்தவக் கோயில்தோறும் கேசட்டாகக் கொடுப்பது அவருடைய திட்டம்.

"வாரத்துக்கு ஒண்ணா நாப்பது கேசட்டு வே! நாப்பதுலயும் ஒரே பொம்பளை, ஒரே பாட்டு. மனுவுல பதினாலு சரணம்னு எழுதியிருக்கீரு. எண்ணிப் பார்த்தேன், எல்லாத்துலயும் பதிமூணுதான்!"

"முழுசாத் தெரிஞ்சது இஞ்ஞாசியம்மாள் ஒருத்தருக்குத்தான், அண்ணாச்சி. கடைசிச் சரணத்தை மட்டும் பாடமாட்டேங்காவ."

"ஏன், பேரமா? நாளைக்கு நான் முடிவு சொல்லணும். முழுப்பாட்டு இல்லன்னா பரிசு கிடையாது. வண்டிய எடும்!"

முருகன்குறிச்சியில் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த இஞ்ஞாசியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே ஹென்றி, திங்கக்கிழமைதானே வருவ? உக்காருங்க ஐயா, காப்பி போடுதேன்."

காப்பி முடிந்ததும் பாடினாள். கணீரென்ற குரல். பதிமூன்றாவது சரணத்தோடு நிறுத்தினாள்.

"தொண்டை கட்டிட்டு ஐயா. திங்கக்கிழமை பார்ப்போம்."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு? என்னம்மா வேணும்? சேலையா? உங்க பேரைப் பெரிசாப் போடணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். திங்கக்கிழமை."

தெருவுக்கு வந்ததும் வெடித்தார் தாணுமாலையன். "கிழவி மறந்துட்டா வே. ஒத்துக்கிட வீம்பு!"

ஹென்றி சட்டைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார்.

"மறக்கல அண்ணாச்சி. இது அந்த நாப்பதுக்கும் முன்னால, முதல் வாரம் பதிஞ்சது. பதினாலும் இருக்கு."

"அடப்பாவி! இதை ஏன்வே ஒளிச்சீரு?"

"அன்னைக்குப் பாடி முடிச்சதும், 'வேலை முடிஞ்சிட்டா? இனி வரமாட்டியோ?'ன்னு கேட்டாவ. ஒரே மகன், கப்பல்ல வேலை. வந்து ஆறு வருசமாச்சு. நான் சும்மா வந்து உக்காந்தா, 'இரக்கப்பட்டா வாறே?'ன்னு வெரட்டிருவாவ. அதான், சரியாப் பதியலன்னு பொய் சொன்னேன். மறுவாரத்துலேருந்து கடைசிச் சரணத்தை அவங்களே நிறுத்திக்கிட்டாவ."

"இப்பம் இதைக் குடுத்தா பரிசு உமக்குத்தான்."

"குடுத்தா எல்லாக் கோயில்லயும் ஒலிக்கும். அவங்க காதுலயும் விழும், நான் சொன்ன பொய் வெளிப்பட்டுரும். கேசட்டு எங்கயும் போயிராது அண்ணாச்சி. பொறவு பார்த்துக்கிடலாம்."

தாணுமாலையன் கேசட்டை வாங்கி, ஹென்றியின் பையிலேயே திணித்தார். கையோடு கொண்டுவந்த மனுவை விரித்து, 'பதிவு முழுமையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விறுவிறுவென்று திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஏம்மா! இந்த ஆளுக்கு ஒழுங்காப் பதியத் தெரியல. நானும் வீட்டுல ஒத்தையிலதான் கெடக்கேன். திங்கக்கிழமைதோறும் நானே வந்து உக்காருதேன். யாராவது ஒருத்தர் இதைச் சரிபண்ணித்தான் ஆகணும்!"