எதிர்த்தரப்பு

"இந்த வேலையை நான் எடுக்கேலாது," என்றார் வக்கீல் தில்லையம்பலம்.

ஹனீபா நீட்டிய ஒப்பந்தத்தை அவர் தொடவே இல்லை.

வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். சர்க்கார் ஒப்பந்தத்தில் எங்கே வில்லங்கம் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் சொல்லித்தான் ஹனீபா வந்திருந்தார்.

இத்தனை காலம் மாட்டுவண்டிகளில் செங்கலும் சுண்ணாம்பும் ஏற்றியவருக்கு முதல்முறையாக சர்க்கார் வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மேட்டை வெட்டி, அந்த மண்ணால் கடலோரத்தைத் தூர்க்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

"ஏன் வக்கீலய்யா, என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை. எதிர்த்தரப்பு முந்தி வந்திட்டுது. காலமை ஒரு மனிசி வந்தவ. அந்த மேட்டிலைதான் இருக்கிறாவாம். நீங்கள் தன்ரை வீட்டை இடிக்கப் போறியளாம். அவவுக்கு வாக்குக் குடுத்திட்டன். ரெண்டு பக்கமும் நான் நிக்கேலாது."

ஹனீபா சிரித்தார்.

"அங்க யாருங்க இருக்கா? வெறும் பொதரு."

"உங்கட பேரைச் சொன்னாவே. அந்தக் கதிரையிலைதான் இருந்தவ."

ஹனீபா திரும்பிப் பார்த்தார். பிரம்பு நாற்காலி நனைந்திருந்தது. இருக்கையில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது.

ஊரில் மழை பெய்து வெகு நாளாகியிருந்தது.

"பேரு சொன்னாங்களா?"

"ரஷீதா."

ஹனீபா ஒப்பந்தத்தை மடித்து எடுத்துக்கொண்டார்.

"அது என் பெண்சாதிங்க."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிறகேன் வழக்கு, கோடு, கச்சேரி? நேரை போய்க் கதைச்சுத் தீருங்கோ."

கையெழுத்துப் போட வேண்டிய சர்க்கார் அலுவலகத்தின் முன்னால் ரிக்‌ஷாக்காரன் வேகத்தைக் குறைத்தான். நிறுத்த வேண்டாம், போ என்று ஹனீபா கை காட்டினார்.

அம்மை பரவிய வருஷம், செத்தவர்களை ஊருக்குள் புதைக்க விடவில்லை. ரஷீதாவையும் அந்த மேட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். தனக்கும் தொற்றிவிடும் என்று பயந்து ஹனீபா அடக்கத்துக்குப் போகவில்லை.

அதன் பிறகும் போகவில்லை.

வெயிலில் மேடு ஏறினார். புதருக்குள் எங்கு பார்த்தாலும் மண்குவியல்கள். ஒன்றுக்குக்கூடத் தலைமாட்டில் மீசான் கல் இல்லை.

எது அவளுடைய கபர் என்று அவருக்குத் தெரியாது.

நடுவில் நின்று, எல்லோருக்கும் பொதுவாக ஸலாம் சொன்னார்.

இடப்பக்கப் புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு பெண்குரல் பதில் ஸலாம் சொன்னது.