வேண்டாத ஃப்ரேம்வொர்க்

பேருந்து முன்பதிவு சர்வருக்குப் புதிய ஃப்ரேம்வொர்க், அதாவது மென்பொருள் அடித்தளம், தேவையா என்று முதலாளி ராமதாஸ் தம் நிரலாளர்கள் ஜெரால்ட், ஹரிஷ்குமார் இருவரையும் அழைத்துக் கேட்டார். தேவையென்றால் புதிய குழு அமையும். அதற்கொரு தலைவரும் வேண்டும்.

"இது, டிக்கெட் கேட்ட ஒருத்தருக்குப் பதில் வார வரைக்கும் காத்து நிக்காம அடுத்த ஆளையும் கவனிக்கும் சார். தீபாவளிக்கு எம்புட்டுக் கூட்டம் வந்தாலும் தாங்கும்," என்றான் ஜெரால்ட்.

ஹரிஷ்குமாருக்கு வயிறு எரிந்தது. அவனியாபுரம் டீக்கடையில் தான் விளக்கியதையெல்லாம் இவன் தன்னுடையதாக ஒப்பிக்கிறானே!

"தப்பு எங்க நடந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது சார். நம்ம ஆளுகளுக்குப் புரியவும் செய்யாது. வேண்டாம்," என்றான்.

முதலாளி வியப்புடன் அவனைப் பார்த்தார். "நீங்களே இப்படிச் சொன்னா… சரி, விட்ருவோம்."

வெளியே வந்ததும் ஜெரால்ட் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏன் மாப்ள கெடுத்த? இது உன் யோசனை, உன்னையத்தான் தலைவராப் போடணும்னு காலையிலேயே சார்கிட்டப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தேனே!"