அல்வா தின்ற பூனை

லாமுத் தீவின் கால்நடை மருத்துவர் பகாரியிடம் செய்த்தூனி தன் பூனையைத் தூக்கிவந்தாள். பின்னாலேயே அவள் கணவன் அத்மான் காலை விந்தி விந்தி வந்தான்.

“விருந்தாளிக்குன்னு வைக்கிற அல்வா தினமும் காணாமப் போகுது டாக்டர். பூனைதான் திங்குதுன்னு இவர் சொல்றார். இனிப்பு அதுக்கு ஆகுமா?”

“ஆகாதும்மா. பல்லு கெடும், உடம்பு ஊதும். ஆனா பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. நெய் வாசத்துக்கு ஒரு தடவை நக்கும், அவ்வளவுதான்.”

“எங்க பூனை கொஞ்சம் வேற மாதிரி டாக்டர்,” என்றான் அத்மான்.

பகாரி பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், எடையும் போட்டார். “பல்லு முத்து மாதிரி இருக்கு. உடம்பும் ஒல்லி. அல்வா தின்னது இது இல்லை.”

செய்த்தூனி ஆச்சரியப்படவில்லை.

“எனக்கும் தெரியும் டாக்டர். இவருக்குச் சர்க்கரை வியாதி. மூணு மாசமா கால் புண்ணு ஆறலை, விரலை எடுக்கணும்கிறாங்க. இனிப்பைத் தொடுறதே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சத்தியம் பண்றார். நான் கேட்டா பூனை மேல பழி போடுறார். அதான் இவரையும் கூட்டிக்கிட்டு வந்தேன்.”

அத்மான் தலை நிமிரவில்லை. சட்டைப்பையிலிருந்த அல்வாப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.