சொல்லிவிட்டுத் தொட்டவள்

"துரை அண்ணே, முதுகு தொடைக்கணும். எடது பக்கமா திருப்பப் போறேன்," என்றாள் நர்ஸ் ரூத்.

"ரெண்டு வருசமா வாயே தொறக்காதவருகிட்ட இன்னா சிஸ்டர் பேச்சு? சீக்கிரம் முடிங்க, வெளிய ஆளுங்க காத்துகினு கீறாங்க," என்று சலித்துக்கொண்டான் சுஜாதாவின் தம்பி குமார்.

"நீ சும்மா இருடா. அவங்க சொல்லட்டும்," என்றாள் சுஜாதா.

பக்கவாதத்தில் விழுந்த கணவரை அவள் உட்பட எல்லோரும் மூட்டை போலத்தான் புரட்டினார்கள். சொல்லிவிட்டுத் தொட்டவள் ரூத் ஒருத்திதான். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று சுஜாதாவுக்குத் தோன்றும்.

ரூத் புது வேட்டியைக் கட்டி முடித்தாள்.

"செய்யூர்லேர்ந்து ஃப்ரீசர் பாக்ஸ் வந்துடுச்சி!" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

நாலு பேர் உள்ளே வந்து உடலைத் தூக்கக் குனிந்தார்கள். "கொஞ்சம் இருங்க," என்று தடுத்த சுஜாதா, கணவரின் காதருகே போனாள்.

"என்னாங்க... தூக்கப் போறாங்க."