துரைசாணிக்கு அரக்குப் பட்டு

“பிளீஸ் சிட், மேடம்” என்று பட்டுக்கடை பலராமன் இடுப்பு வரை குனிந்தார். எதிரே நின்ற மேடம் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“சிரிச்சிகினு சொல்லணும் மொதலாளி. கோழியத் தொரத்துற மாதிரி இருக்குது.”

மேடம் வேறு யாருமில்லை, ரோசம்மாள்தான். வேலூரில் ஒரு துரை வீட்டில் பன்னிரண்டு வருஷம் பிள்ளை வளர்த்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியவள்.

வெள்ளிக்கிழமை ஒரு துரைசாணி பட்டெடுக்க வருகிறாள், எந்தக் கடைக்குக் கூட்டிப்போவதென்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அவள்தான் வந்து சொன்னாள். பலராமனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை மாணிக்கவேல் போன வருஷம் ஒரு துரைக்கு ஒரே ஒரு பட்டுக் கைக்குட்டை விற்றுவிட்டு இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறான். அந்த வாயை அடைக்க இங்கிலீஷ் வேண்டும்.

கற்றுத்தர என்ன கேட்கிறாய் என்றார். காலணாகூட வேண்டாம் என்றாள். ஆனால் தெருவில் நின்றுகொண்டு சொல்லித்தர முடியாது, துரைசாணி உட்காரும் இடத்தில் தான் உட்கார வேண்டும், கேட்கிற சேலையை அவர் விரித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் பாடம் ஒட்டும் என்றாள்.

பலராமன் மென்று விழுங்கினார். ரோசம்மாளின் தெருக்காரர்கள் கையில் பணத்தோடு வந்தாலும் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும், சேலையை மடிப்புக் கலைக்காமல் தூரத்திலிருந்து காட்டினால் போதும் என்பது அந்தக் கடைவீதி வழக்கம். ஆனால் துரைசாணி ஆசை யாரை விட்டது? உச்சி வேளையில் தெரு கண்ணயரும் நேரமாகப் பார்த்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஜமுக்காளத்தை விரித்தார்.

ஹவ் மச், பெஸ்ட் சில்க், லாஸ்ட் பிரைஸ், தேங்க்யூ மேடம். ஆறே நாளில் மனுஷன் பிடித்துக்கொண்டுவிட்டார். ஆனால் ரோசம்மாள் தினமும் அந்த அரக்குச் சேலையைத்தான் எடுக்கச் சொன்னாள். வேறு நிறமும் காட்டிப் பழகுகிறேனே என்றதற்கு, அரக்குதான் பிடிக்கும் என்று ஒரே பிடியாக நின்றாள். ஒரு நாள் முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று பாடமே நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது. பலராமன் இங்கிலீஷ் பேசப்போகும் வேடிக்கையைப் பார்க்கக் கடைவீதியே திரண்டு நின்றது. மாணிக்கவேல் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். மூஞ்சியைப் பார்த்தால் துரைசாணிக்குக் கோபம் வரும், குனிந்த தலை நிமிரக்கூடாது என்று ரோசம்மாள் முன்னமே எச்சரித்திருந்தாள்.

வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. பலராமன் குனிந்தார், படபடப்பில் கண்ணும் தானாக மூடிக்கொண்டது. யாரோ படியேறும் சத்தம். கூட்டம் ஒரேயடியாக அடங்கிப்போனது. துரைசாணி என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டார்.

“குட்மார்னிங் மேடம். பிளீஸ் சிட், மேடம்.” தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், அப்படிக் கணீரென்று வந்தது.

“தேங்க்யூ” என்று இரண்டு குரல்கள் கேட்டன.

பலராமன் நிமிர்ந்தார். ஜமுக்காளத்தின் நடுவில் வெளுத்த சேலையில் ரோசம்மாள். அவளை ஒட்டி, வெட்கத்தில் தலைகுனிந்து அவள் மகள் சகாயம்மாள். மாணிக்கவேல் திறந்த வாயை மூடவில்லை.

“தொரசாணி எங்க, ரோசம்மா?” பலராமனுக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

ரோசம்மாள் மடியிலிருந்த பண முடிச்சை எடுத்து ஜமுக்காளத்தில் வைத்தாள். வருகிற மாதம் மகளுக்கு மாதா கோயிலில் கல்யாணம் என்றாள்.

“தொரசாணி யாரும் வரல மொதலாளி. இன்னிக்கி நாங்கதான் மேடம், அந்த அரக்குச் சேலைய விரிங்க.”