ஒரு சொட்டுப் பந்தயம்

"இன்னொரு தடவ அழுத்திப் பாருங்க. ஓரம் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"பாத்துட்டேன்மா. உடும்புப்பிடியா ஒட்டியிருக்கு. நீ இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்தாத்தான் பிச்சுக்கும்."

ஷட்டில் அரங்கத்து வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கணவனும் மனைவியும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய பனியனுக்குள், தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே, ஒரு பை ஒட்டியிருந்தது. சிறுநீர்ப்பையில் புற்று வந்து அதை எடுக்க வேண்டியதாகிவிட்டால், குடலில் ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாதை போட்டு, வயிற்றில் சின்னதாக ஒரு வாய் திறந்துவிடுகிறார்கள். அதன்மேல் இந்தப் பை. சிறுநீர் சொல்லாமல் கொள்ளாமல் தானாக வந்து சேரும். நிறைந்தால் அடியில் இருக்கும் குட்டிக் குழாயைத் திறந்துவிட வேண்டியதுதான். ஆயுசு முழுக்க.

அந்த 'ஆயுசு முழுக்க'தான் அவளை உலுக்கிவிட்டது. நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அழாதவள், பையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"யாராவது கண்டுபிடிச்சிட்டா?"

"உன் தம்பியே கண்டுபிடிக்க மாட்டான். பந்தயம்."

"சரி, பந்தயம்னே வெச்சுக்குவோம். ஒரு சொட்டு வெளிய வந்தாலும், ஒருத்தர் முகம் சுளிச்சாலும், அதுக்கப்புறம் நான் சொல்றதுதான். நீங்க வாயே திறக்கக் கூடாது."

"ஒண்ணும் ஆகலைன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க சொல்றபடி ஆகட்டும்."

"ஊர்ல ஒழுகற குழாயெல்லாம் அடைக்கிறவன் நான். என்மேலயே ஒழுகிடுமா?"

குழாய் வேலை அவர் தொழில். வாய்ச்சவடால் உபதொழில்.

உள்ளே கூட்டம் காத்திருந்தது. கிளப்பின் தம்பதியர் ஆட்டத்தில் இறுதிச் சுற்று. எதிரே நிற்பது அவள் தம்பியும் அவன் மனைவியும். தம்பி அடிக்கிற அடிக்கு கிளப்பில் அவனுக்கு 'இடி' என்று பட்டப்பெயர். தோற்ற ஜோடி அத்தனை பேர் முன்னாலும் நெட்டை அவிழ்த்து மடித்து, ஆடுகளத்தையும் பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"வாங்க மாமா! நெட்ட மடிக்கத் தயாரா?"

"உனக்குத்தான் கை நீளம் மாப்ளே. நீ மடிச்சாத்தான் அழகா இருக்கும்."

முதல் ஆட்டம் போயிற்று. அவள் பந்தைப் பார்க்காமல் கணவனின் வயிற்றைப் பார்த்து ஆடினால் பின் எப்படி ஜெயிப்பது? இரண்டாவதில் அவர் முறைத்த முறைப்பில் சுதாரித்துக்கொண்டாள். தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள்.

இடைவேளையில் அவள் மறுபடி கழிவறைக்கு ஓடினாள்.

"என்ன மாமா, அக்கா வந்ததுலேர்ந்து ஓடிட்டே இருக்கா. நீங்க பாட்டில் பாட்டிலா குடிச்சிட்டுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு எல்லாம் வேர்வையாப் போயிடுது மாப்ளே" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டம் இழுபறி. கடைசியில் இவர்களுக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. இடி ஓங்கினான். எல்லாரும் பின்னால் நகர, அவன் நெட்டை ஒட்டி நைசாகத் தட்டிவிட்டான்.

விட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அடுத்த புள்ளியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பாய்ந்தார். தொப்பென்று வயிறு அடிபட, குப்புற விழுந்து, தரையோடு தரையாக மட்டையை நீட்டினார். பந்து நெட்டின்மேல் தத்தி அந்தப் பக்கம் விழுந்தது.

அரங்கமே எழுந்து கத்தியது. அவள் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். தரையில் பொட்டு ஈரம் இல்லை.

தம்பி ஓடிவந்து அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த வயசுல என்ன பாய்ச்சல் மாமா! உங்கள இரும்புல செஞ்சிருக்காங்களா?"

"பேச்ச மாத்தாத. போய் நெட்ட மடி."

"இடி இடிச்சுது, மழையத்தான் காணோம்" என்று முணுமுணுத்தபடி தம்பி மனைவி துடைப்பம் எடுக்கப் போனாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

காருக்குள் வந்ததும் அவள் கேட்டாள்: "வேணும்னேதான விழுந்தீங்க?"

"ஆமா. ஓடறது, குதிக்கிறது, விழறது, கட்டிப்பிடிக்கிறது, எல்லாத்தையும் பாத்துட வேண்டாமா? யாராவது மூக்கப் பொத்தினாங்களா? யாராவது உத்துப் பாத்தாங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைப் பார்த்ததே அவருக்குக் கோப்பை வாங்கிய மாதிரி இருந்தது.

அவர் பனியனைத் தூக்கிப் பையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். அடியில் தழும்பு இல்லை, திறப்பும் இல்லை. வெறும் தொப்பைதான். பைக்குள் காலையில் ஊற்றிய பச்சைத் தண்ணீர் அப்படியே இருந்தது. 'ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு நாள் தண்ணி ஊத்தி ஒட்டிப் பழகுங்கம்மா' என்று நர்ஸ் அவளிடம் கொடுத்த பை அது. செத்தாலும் ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் வீசி எறிந்ததைத்தான் அவர் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தன் வயிற்றில், திறப்பு வரவேண்டிய இடமென்று நர்ஸ் மையால் குறித்திருந்த நீலப் புள்ளியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"டாக்டருக்குப் போன் போடுங்க. எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, அடுத்த வருஷமும் நெட்ட அவன்தான் மடிக்கணும்!"